இரவல் அதிகாரமா, பங்கு அதிகாரமா? பல தேசங்கள் வாழும் ஒரே அரசுக்கான ஏற்பாடுகள்: ஓர் ஒப்பீடு

ஐக்கிய நாடுகள் சபையின் தீர்மானப்படி 1952ஆம் ஆண்டு எரித்திரியா எத்தியோப்பியாவுடன் கூட்டாட்சி முறையில் இணைக்கப்பட்டது. அதற்கெனச் சட்டமன்றமும் அரசியலமைப்பும் கொடியும் இருந்தன. பத்தே ஆண்டுகளில், 1962இல், பேரரசர் ஹைலே செலாசி அந்தக் கூட்டாட்சியைக் கலைத்து எரித்திரியாவைத் தம் பேரரசின் மாகாணங்களுள் ஒன்றாக்கிவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கியிருந்த ஆயுதப் போராட்டம் 1991 வரை நீண்டது. இதற்கு நேர்மாறான கதை பால்டிக் கடலில் இருக்கிறது. பின்லாந்து ஓர் ஒற்றையாட்சி நாடு. ஆனால் அதன் பகுதியான, சுவீடிய மொழி பேசும் ஆலந்து தீவுகளின் தன்னாட்சிச் சட்டத்தை, ஆலந்து சட்டமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் இல்லாமல் பின்லாந்து நாடாளுமன்றம் திருத்த முடியாது. 1921இல், ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் முன்னிலையில் தீர்க்கப்பட்ட அந்தத் தகராறு ஒரு நூற்றாண்டாகத் துப்பாக்கிச் சத்தம் இன்றி நிலைத்திருக்கிறது.

கூட்டாட்சி என்ற பெயரைப் பெற்றவர்கள் பத்தாண்டில் அதை இழந்தார்கள். பெயரைப் பெறாதவர்கள் நூறாண்டாக அனுபவிக்கிறார்கள். ஒரே அரசுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட தேசங்கள் வாழும்போது எந்த ஏற்பாட்டைத் தேர்வது என்ற விவாதம் பெரும்பாலும் ‘ஒற்றையாட்சியா, கூட்டாட்சியா’ என்ற வாசலிலேயே நின்றுவிடுவதால்தான் இந்த இரண்டையும் முதலில் சொன்னேன். நான் கேட்கும் முதற்கேள்வி வேறு. கொடுக்கப்பட்ட அதிகாரம் இரவலா, பங்கா? இரவல் கொடுத்தவர் கேட்கும்போது திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பங்கைத் திருப்பிக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. ‘அதிகாரப் பரவலாக்கம்’ என்றும் ‘அதிகாரப் பகிர்வு’ என்றும் தமிழில் நாம் மாற்றி மாற்றி எழுதும் இரண்டு சொற்களுக்கு இடையிலும் உண்மையில் இதே வேறுபாடுதான் இருக்கிறது. அதை நாம் கவனித்து எழுதுவதில்லை.

இரவலின் மிக நாகரிகமான வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால் ஐக்கிய இராச்சியத்துக்குப் போக வேண்டும். 1997 செப்டம்பரில் ஸ்காட்லாந்தில் நடந்த வாக்கெடுப்பில் 74.3 சதவீதத்தினர் தமக்கென ஒரு நாடாளுமன்றம் வேண்டும் என்றனர். ஒரு வாரம் கழித்து வேல்ஸில் நடந்த வாக்கெடுப்பு 6,721 வாக்கு வித்தியாசத்தில்தான் தேறியது. வட அயர்லாந்துக்கு 1998 ஏப்ரல் 10 அன்று உருவான உடன்படிக்கையின் வழியாக, இரு சமூகங்களும் சேர்ந்தே அமைச்சரவை அமைக்க வேண்டும் என்ற முற்றிலும் வேறான ஏற்பாடு கிடைத்தது. மூன்று தேசங்களுக்கு மூன்று அளவில் தைத்த சட்டைகள். தயக்கத்தோடு தொடங்கிய வேல்ஸ், 2011இல் இன்னொரு வாக்கெடுப்பு நடத்தி, தன் பொறுப்பில் உள்ள துறைகளில் முழுச் சட்டமியற்றும் அதிகாரத்தைப் பெற்றுக்கொண்டது. அரசியலமைப்பை அடியோடு புரட்டாமல், ஒவ்வொரு தேசமும் தன் வேகத்தில் நடக்க இம்முறை இடம் தருகிறது. கூட்டாட்சியை ஆதரிப்பவர்கள் இந்த நெகிழ்வைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

ஆனால் 1998ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துச் சட்டத்திலேயே, ஸ்காட்லாந்துக்குச் சட்டம் இயற்றும் வெஸ்ட்மின்ஸ்டரின், அதாவது லண்டன் நாடாளுமன்றத்தின், அதிகாரத்தை இச்சட்டம் பாதிக்காது என்று ஒரு வரி இருக்கிறது. பரவலாக்கப்பட்ட துறைகளில் அந்தந்தச் சட்டமன்றத்தின் இசைவு இன்றி வெஸ்ட்மின்ஸ்டர் ‘வழக்கமாக’ச் சட்டம் இயற்றாது என்பது ஒரு மரபு. 2016இல் அம்மரபு சட்டத்திலும் எழுதப்பட்டது. ஆயினும் அது அரசியல் மரபுதான், நீதிமன்றம் அதை அமல்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் கூறிவிட்டது. 2020 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறும் உடன்படிக்கைக்கான சட்டத்துக்கு எடின்பரோ (ஸ்காட்லாந்து), கார்டிஃப் (வேல்ஸ்), பெல்ஃபாஸ்ட் (வட அயர்லாந்து) ஆகிய மூன்று சட்டமன்றங்களும் இசைவு மறுத்தன. சட்டம் நிறைவேறியது. 2023 ஜனவரியில், ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு மசோதாவை அரச ஒப்புதலுக்குச் செல்லவிடாமல் லண்டன் அமைச்சர் முதன்முறையாகத் தடுத்தார். அந்த மசோதா நல்லதா கெட்டதா என்பது இங்கே பேச்சில்லை. தடுக்கும் கருவி இருபத்து நான்கு ஆண்டுகள் பயன்படாமல் இருந்ததால் அது இல்லை என்று பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

2016ஆம் ஆண்டுச் சட்டம், ஸ்காட்லாந்து மக்களின் வாக்கெடுப்பு இன்றி அவர்களது நாடாளுமன்றம் கலைக்கப்படாது என்றும் உறுதி கூறுகிறது. நல்ல உறுதிதான். ஆனால் எந்த நாடாளுமன்றமும் தனக்குப் பின்வரும் நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்த முடியாது என்ற கோட்பாடு அங்கே உயிரோடு இருக்கும் வரையில், பூட்டியவரிடமே சாவியும் இருக்கிறது. 1921 முதல் அரை நூற்றாண்டு இயங்கிய வட அயர்லாந்தின் பழைய நாடாளுமன்றத்தை லண்டன் 1972 மார்ச்சில் நிறுத்திவைத்தது, மறு ஆண்டு ஒழித்தே விட்டது. அந்த நாடாளுமன்றம் கத்தோலிக்கச் சிறுபான்மையினரை நடத்திய விதத்தைப் பார்த்தால் அதற்காக வருந்துவோர் குறைவாகவே இருப்பார்கள் என்பது உண்மை. ஆனால் சாவி வேலை செய்கிறது என்பதற்கு அது சான்று.

இந்த இரவல் முறை கடுமையான கைகளில் சிக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் எடுத்துக்காட்டு. 1987 ஜூலை 29 அன்று கையெழுத்தான இந்திய இலங்கை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து அதே ஆண்டு நவம்பரில் மாகாண சபைகள் உருவாக்கப்பட்டன. மாகாணப் பட்டியலில் காணியும் காவல்துறையும் இருக்கின்றன. ஆனால் எல்லாத் துறைகளுக்கும் உரிய ‘தேசியக் கொள்கை’ மத்திய அரசின் ஒதுக்கப்பட்ட பட்டியலில் முதல் வரியாக நிற்கிறது. மாகாணங்கள் மறுத்தாலும் நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையால் மாகாணத் துறைகளில் சட்டம் இயற்றலாம். திருத்த மசோதா உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 4 என்ற கணக்கில் தப்பிப் பிழைத்ததே, மாகாண சபைகள் நாடாளுமன்றத்துக்குக் கீழ்ப்பட்டவை, எனவே ஒற்றையாட்சி பாதிக்கப்படவில்லை என்ற வாதத்தால்தான். அதாவது, அது இரவல் என்பதை ஒப்புக்கொண்டதால்தான் சட்டமானது. 1988இல் இணைக்கப்பட்ட வடக்கும் கிழக்கும் 2006இல் வந்த தீர்ப்பையடுத்துப் பிரிக்கப்பட்டன. 2013இல் முதன்முறையாகத் தனித் தேர்தல் கண்ட வட மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்த பிறகு, தேர்தல் நடத்தாமலே ஆளுநரைக் கொண்டு மாகாணத்தை ஆண்டுக்கணக்கில் நடத்த முடிந்தது. கலைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

இங்கே பெயர்ச்சண்டை எவ்வளவு தூரம் போகும் என்பதையும் ஓரமாகச் சொல்லிவிடலாம். 2017இல் வெளிவந்த புதிய அரசியலமைப்புக்கான இடைக்கால அறிக்கை, சிங்களத்தில் ‘ஏக்கிய ராஜ்ய’ என்றும் தமிழில் ‘ஒருமித்த நாடு’ என்றும் எழுதியது. சிங்களத் தரப்பு அதை ஒற்றையாட்சி என்று வாசித்தது. தமிழ்த் தரப்பில் சிலர் அதைச் சமஷ்டியின், அதாவது கூட்டாட்சியின், சாயல் என்று வாசித்தனர், வேறு சிலர் ஏமாற்று என்றனர். மாகாணத்தின் சட்டத்தை மையம் எப்போது மீற முடியும் என்ற அறிக்கையின் உட்பகுதியைப் பற்றிய விவாதம் இந்த இரண்டு சொற்களின் இரைச்சலில் அமுங்கிப்போயிற்று.

அடுத்த தெரிவு ஸ்பெயினுடையது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, நாட்டின் பிரிக்க முடியாத ஒருமையைப் பேசும் அதே பிரிவில் ‘தேசிய இனங்கள்’ என்ற சொல்லையும் ஏற்றுக்கொண்டு, தன்னாட்சி உரிமையை உறுதிசெய்தது. அதன் கீழ் 17 தன்னாட்சிச் சமூகங்கள் உருவாயின. சாதாரணச் சட்டத்தால் மையம் எதையும் பறித்துக்கொள்ள முடியாது என்பதால் இது ஐக்கிய இராச்சியத்தின் ஏற்பாட்டைவிட ஒரு படி மேல். ஆனாலும் இங்கே சாவி வேறிடத்தில் இருந்தது. கட்டலோனியாவின் புதிய தன்னாட்சிச் சட்டம் ஸ்பெயின் நாடாளுமன்றத்தில் திருத்தப்பட்டு, நிறைவேற்றப்பட்டு, 2006இல் கட்டலோனிய மக்களின் வாக்கெடுப்பிலும் வென்றது. நான்காண்டுகள் கழித்து, 2010 ஜூனில், அரசியலமைப்பு நீதிமன்றம் அதன் 14 பிரிவுகளை முழுதாகவோ பகுதியாகவோ செல்லாதவை ஆக்கியது. முகவுரையில் வந்த ‘தேசம்’ என்ற சொல்லுக்குச் சட்ட வலு இல்லை என்றது. மக்கள் வாக்களித்து ஏற்ற ஓர் உடன்பாட்டை, தங்களுக்கென இடம் உறுதிசெய்யப்படாத ஒரு நீதிமன்றம் வெட்டியதாகவே கட்டலோனியர்கள் பலர் அதைப் பார்த்தனர். அதுவரை ஓரத்தில் இருந்த பிரிவினைக் கோரிக்கை நடுவீதிக்கு வந்தது. 2017 அக்டோபர் 1 வாக்கெடுப்பும், அம்மாத இறுதியில் அரசியலமைப்பின் 155ஆவது பிரிவின்படி மையம் கட்டலோனிய அரசைப் பதவிநீக்கம் செய்ததும் அதன் தொடர்ச்சி.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, நடுவர் யார் என்ற கேள்வி அதிகாரப் பட்டியலைவிடச் சிறியதன்று என்பது. பெல்ஜியத்தின் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் 12 நீதிபதிகள். டச்சு மொழியினர் 6 பேர், பிரெஞ்சு மொழியினர் 6 பேர். கனடாவின் உச்ச நீதிமன்றத்தில் 9 பேரில் 3 பேர் கியூபெக்கிலிருந்து வர வேண்டும். இந்த எண்ணிக்கையை மாற்ற எல்லா மாகாணங்களின் ஒப்புதலும் தேவை என்று அந்த நீதிமன்றமே 2014இல் தீர்ப்பளித்திருக்கிறது. நீதிபதிகள் தம் இனத்துக்காகத் தீர்ப்பு எழுதுவார்கள் என்பது இதன் பொருளன்று. தோற்ற தரப்பு தீர்ப்பை ஏற்றுக்கொள்வதற்கு இப்படி ஓர் அமைப்பு தேவைப்படுகிறது.

இனி, முழுக் கூட்டாட்சி. தாள் மேல் இதுவே மிகச் சிறந்த பங்கு. ஆயினும் இரண்டு இடங்களில் இது தடுக்கி விழுகிறது, இரண்டுமே எண்கணிதம் சார்ந்தவை.

முதலாவது, ஒரு தேசம் மற்றவற்றைவிட மிகப் பெரியதாக இருக்கும் நிலை. ஐக்கிய இராச்சிய மக்கள்தொகையில் இங்கிலாந்து ஏறத்தாழ 84 சதவீதம். இங்கிலாந்தைத் தனியோர் அலகாக வைத்துக் கூட்டாட்சி அமைத்தால், இங்கிலாந்து முதலமைச்சர் கூட்டாட்சிப் பிரதமருக்குச் சமமான வலிமையோடு எதிரே நிற்பார். இதனாலேயே 1973இல் அறிக்கை தந்த அரசியலமைப்புக்கான அரச ஆணையம் கூட்டாட்சியை ஒதுக்கியது. இங்கிலாந்தைப் பல வட்டாரங்களாகப் பிரிக்கலாம் என்றால், 2004 நவம்பரில் வடகிழக்கு இங்கிலாந்தில் அதற்கென நடந்த வாக்கெடுப்பில் 77.9 சதவீதத்தினர் வேண்டாம் என்றனர். தன்னை ஒரே தேசமாக நினைக்கும் மக்களை, பக்கத்துத் தேசத்தின் வசதிக்காகத் துண்டாக்கிக்கொள்ளும்படி கேட்பது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. நைஜீரியாவில் அது நடந்தது: நாட்டின் பாதிக்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்டிருந்த வடக்கு வட்டாரம் உட்பட நான்கு வட்டாரங்களும் 1967 மே மாதத்தில் 12 மாநிலங்களாக உடைக்கப்பட்டன. ஆனால் அதைச் செய்தது இராணுவ ஆட்சி, அதுவும் உள்நாட்டுப் போரின் விளிம்பில். அமைதிக் காலத்து மேசையில் அப்படி ஒரு பேரத்தை எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது, இரண்டே தேசங்கள் இருக்கும் நிலை. மூன்றாவது ஒருவர் இல்லாத வீட்டில் ஒவ்வொரு பேச்சும் நேருக்கு நேர் மோதலாகிவிடும். செக்கோஸ்லோவாக்கியா 1969 ஜனவரி முதல் கூட்டாட்சி. அதன் தேசங்கள் அவையில் செக் உறுப்பினர் 75 பேர், ஸ்லோவாக் உறுப்பினர் 75 பேர். அரசியலமைப்பைத் திருத்த ஒவ்வொரு பாதியிலும் ஐந்தில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். எனவே ஒரு பக்கத்தின் 31 பேர் சேர்ந்தால் எதையும் நிறுத்திவிடலாம். ஒரே கட்சி ஆண்டவரை இந்தத் தடுப்புரிமை தூங்கிக்கொண்டிருந்தது. 1989க்குப் பிறகு விழித்துக்கொண்டதும், பொருளாதாரச் சீர்திருத்தத்தின் வேகம் முதல் நாட்டின் பெயரில் ஒரு சிறுகோடு போடுவதா என்பது வரை எதிலும் உடன்பாடு காண முடியாமல், 1993 ஜனவரி 1 அன்று நாடு இரண்டாயிற்று. வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. சொத்துகள் பெரும்பாலும் 2க்கு 1 என்ற விகிதத்தில் பிரிக்கப்பட்டன. உயிர்ச்சேதம் இல்லாத பிரிவு என்று இதைப் பாராட்டுவோர் உண்டு. பாராட்டத்தக்கதுதான், ஆனால் கூட்டாட்சி என்ற தெரிவுக்கு அது வெற்றி ஆகாது.

பெல்ஜியம் இதே இரட்டை நெருக்கடியைத் தாங்கி நிற்கிறது. எப்படி என்பதுதான் சுவையானது. 1970இல் தொடங்கிய அடுக்கடுக்கான அரசுச் சீர்திருத்தங்களுக்குப் பிறகு, 1993இல்தான் அரசியலமைப்பின் முதற்பிரிவு அந்நாட்டைக் கூட்டாட்சி என்று அழைத்தது. அதிகாரம் முதலில் போயிற்று, பெயர் கடைசியில் வந்தது. மொழிக்கு மூன்று சமூகங்கள், நிலத்துக்கு மூன்று வட்டாரங்கள் என்று இரண்டு கணக்கு வைத்ததால், மோதல்கள் எல்லாம் ஒரே கோட்டில் வந்து குவிவதில்லை. பிரதமர் நீங்கலாக மத்திய அமைச்சரவையில் இரு மொழியினரும் சம எண்ணிக்கை. முக்கியமான சட்டங்களுக்கு மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கோடு ஒவ்வொரு மொழிக் குழுவிலும் பெரும்பான்மை வேண்டும். விலையும் உண்டு: 2010 தேர்தலுக்குப் பிறகு முழு அதிகாரமுள்ள அரசை அமைக்க 541 நாட்கள் பிடித்தன. 1968க்கும் 1978க்கும் இடையில் மூன்று பெரிய கட்சிக் குடும்பங்களும் மொழிவழியே பிளந்துகொண்டதால், நாடு முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டிய தலைவர் என்று யாரும் அங்கே இல்லை. அரசு இல்லாத அந்த 541 நாட்களிலும் பள்ளிகளும் உள்ளூர் நிர்வாகமும் தடையின்றி நடந்தன என்பதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது அந்த முறையின் வலிமையாகவே படுகிறது.

கூட்டாட்சி என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னாலும் இரவல் ஒளிந்திருக்கலாம் என்பதற்கு இந்தியாவின் அரசியலமைப்பில் 3ஆவது பிரிவு ஒன்றே போதும். மாநிலத்தின் எல்லையை நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையால் மாற்றலாம்; மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், கேட்டபடி நடக்க வேண்டியதில்லை. 2014இல் ஆந்திரச் சட்டமன்றம் நிராகரித்த பிரிவினை மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறித் தெலங்கானா பிறந்தது. தெலங்கானா மக்கள் அதை விரும்பினார்கள், கிடைத்தது. விரும்பாதவர்களுக்கும் இதே கதவு வழியாகவே வரும்: 2019 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீர் மாநிலம் இரண்டு ஒன்றியப் பகுதிகளாக்கப்பட்டபோது, அங்கே சட்டமன்றமே இயங்கவில்லை. மத்திய, மாநில உறவுகளை ஆராய 1969இல் தமிழ்நாடு அரசு அமைத்த இராஜமன்னார் குழுவும், 1974இல் சட்டமன்றத்தில் நிறைவேறிய மாநில சுயாட்சித் தீர்மானமும் கிளப்பிய கேள்வி இன்னும் அப்படியே கிடக்கிறது.

கியூபெக்கின் நிலை இவற்றிலிருந்து வேறானது. கனடாவின் பத்து மாகாணங்களில் ஒன்றாக அது இருப்பதால் ‘நாமும் அவர்களும்’ என்ற இருமுனை மோதல் ஓரளவு தணிகிறது. தனக்கெனப் பிரெஞ்சு வழி வந்த உரிமையியல் சட்டம், தனி ஓய்வூதியத் திட்டம், குடியேறுவோரைத் தேர்வதில் தனிப் பங்கு என்று மற்ற மாகாணங்கள் கேட்காதவற்றை நடைமுறையில் அது பெற்றிருக்கிறது. ஆனால் அதையே அரசியலமைப்பில் ‘தனித்த சமூகம்’ என்று எழுதிவைக்க 1987இல் தொடங்கிய முயற்சி, இரண்டு மாகாணங்கள் உரிய காலத்துக்குள் ஒப்புதல் தராததால் 1990இல் சரிந்தது. ஐந்தாண்டுகளில், 1995 வாக்கெடுப்பில், பிரிவதற்கு 49.42 சதவீதம் ஆதரவு. செய்துகொடுத்ததை எழுதிக்கொடுக்க மறுத்ததால் வந்த வினை என்று அதைச் சொல்லலாம். எழுதிவைத்துவிட்டுச் செய்யாமல் விடும் அரசுகளோடு பழகிய நமக்கு இது சற்று வியப்பாகவே இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு ஆலந்தையும் வடக்கு இத்தாலியின் தென் டிரோலையும் ஒரு தெரிவாகவே முன்வைக்கிறேன்: நாடு முழுவதையும் கூட்டாட்சியாக்காமல், ஒரு குறிப்பிட்ட தேசத்துக்கு மட்டும், மையம் தனியாகத் திறக்க முடியாதபடி பூட்டுப் போட்ட தன்னாட்சி. ஆலந்தின் சட்டங்களைப் பின்லாந்துக் குடியரசுத் தலைவர் தடுக்கலாம், ஆனால் அதிகார எல்லை மீறல், நாட்டின் பாதுகாப்பு என்ற இரண்டு காரணங்களுக்காக மட்டும். அதற்கு முன்பும் இரு தரப்பும் சம எண்ணிக்கையில் நியமித்த குழு ஒன்று கருத்துச் சொல்ல வேண்டும். முப்பதாயிரம் பேர் வாழும் தீவுகளை எடுத்துக்காட்டாக்கலாமா என்று கேட்பது நியாயமே. சிறியதாக இருந்ததால்தான் மையம் எளிதில் இறங்கிவந்தது என்பதும் உண்மை. ஆகவே தென் டிரோல் கூடுதல் பாடம் தரும்.

முதல் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலிக்குப் போன, ஜெர்மன் மொழி பேசுவோர் பெரும்பான்மையாக உள்ள நிலம் அது. 1946இல் இரு நாடுகளும் செய்த உடன்பாட்டின்படி தன்னாட்சி வழங்க வேண்டிய இத்தாலி, 1948இல் வழங்கவும் செய்தது. ஆனால் பக்கத்தில் உள்ள இத்தாலிய மொழி மாகாணமான டிரென்டினோவோடு சேர்த்து ஒரே வட்டாரமாக்கி அதற்கு வழங்கியது. சேர்ந்த வட்டாரத்தில் இத்தாலியர் பெரும்பான்மையாகிவிட்டனர். அதிகாரம் கொடுத்த மாதிரியும் ஆயிற்று, கொடுக்காத மாதிரியும் ஆயிற்று. எல்லையைச் சேர்த்தோ பிரித்தோ வரைந்தே ஒரு தேசத்தைச் சிறுபான்மையாக்கலாம் என்பது தமிழ் வாசகர்களுக்குப் புதிதன்று. 1960இலும் 1961இலும் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் ஆஸ்திரியா இதை எழுப்பியது. 1961 ஜூனில் மின்கம்பங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. நீண்ட பேச்சுக்குப் பிறகு 1972இல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது தன்னாட்சிச் சட்டம், அதிகாரங்களை வட்டாரத்திலிருந்து மாகாணத்துக்கு இறக்கியது. அச்சட்டம் அரசியலமைப்புச் சட்டத்தின் தகுதி பெற்றது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகளை இரு தரப்பும் சமமாக அமர்ந்த குழுக்களே தயாரித்தன. அங்கே திரட்டப்படும் வரிகளில் மிகப் பெரும் பகுதி அங்கேயே தங்குகிறது.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஸ்காட்லாந்துக்கான மானியம், இங்கிலாந்தில் செலவு கூடினால் கூடும், குறைந்தால் குறையும் என்ற சூத்திரத்தால் பல பத்தாண்டுகளாகக் கணக்கிடப்படுகிறது. பாஸ்க் நாடும் நவார்ராவும் தாமே வரி திரட்டி மையத்துக்கு ஒரு பங்கு அனுப்புகின்றன. கட்டலோனியாவுக்கு அந்த உரிமை இல்லை என்பதே அங்குள்ள மனக்கசப்பின் பெரும்பகுதி. கையேந்தும் திசை எது என்று பார்த்தால் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

வெளியேறும் உரிமையை எழுதிவைக்கலாமா என்பது எல்லா மேசைகளிலும் பேச்சை முறிக்கும் விஷயம். எழுதிவைத்தால் நாடு உடைந்துவிடும் என்ற அச்சத்துக்குச் சான்றுகள் எதிராகவே உள்ளன. செயின்ட் கிட்ஸ் நெவிஸ் என்ற இரட்டைத் தீவு நாட்டின் 1983 அரசியலமைப்பு, மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தால் நெவிஸ் பிரியலாம் என்கிறது. 1998இல் வாக்கெடுப்பு நடந்தது, கிடைத்தது 61.8 சதவீதம், நாடு இன்றும் ஒன்றாக இருக்கிறது. மறுபுறம், எத்தியோப்பியாவின் 1995 அரசியலமைப்பு 39ஆவது பிரிவில் பிரியும் உரிமையை வழங்கியிருந்தும், 2020இல் நாட்டின் வடக்கே திக்ரே பகுதியில் தொடங்கிய போரைத் தவிர்க்க அது எவ்விதத்திலும் உதவவில்லை. நான் பரிந்துரைப்பது கனடா உச்ச நீதிமன்றம் 1998இல் சொன்ன நடுவழியை: ஒருதலையாகப் பிரியும் உரிமை இல்லை, ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தால் மற்றத் தரப்பு பேச்சுக்கு வந்தாக வேண்டும். இரண்டு பக்கமும் முழுதாக வெல்லாத விடை. ஸ்காட்லாந்தின் நிலை இதைவிடத் தாழ்ந்தது. லண்டன் இசைந்ததால் 2014இல் வாக்கெடுப்பு நடந்தது, 55.3 சதவீதத்தினர் இணைந்திருக்க வாக்களித்தனர். லண்டன் இசையாததால் அடுத்த வாக்கெடுப்பை எடின்பரோ நடத்த முடியாது என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

ஆகத் தேர்வு, இருக்கும் எண்ணிக்கையைப் பொறுத்தது. எந்தத் தேசமும் பாதியைத் தாண்டாத, நான்கைந்து அலகுகளாவது கொண்ட அரசு என்றால் முழுக் கூட்டாட்சியே சிறந்தது. அதில் எனக்குத் தயக்கம் இல்லை. இரண்டே தேசங்கள் ஏறத்தாழச் சம வலிமையோடு இருந்தால், பெல்ஜியத்தைப் போல அலகுகளின் எண்ணிக்கையை வேண்டுமென்றே பெருக்கியாக வேண்டும். ஒரு தேசம் முக்கால் பங்குக்கு மேல் இருந்தால், சிறிய தேசம் நாடு தழுவிய கூட்டாட்சிக்காகக் காத்திராமல், பூட்டுப் போட்ட தன்னாட்சியைக் கேட்பதே அறிவு. அதிலும், பூட்டில்லாத நாற்பது அதிகாரங்களைவிடப் பூட்டுள்ள பத்து அதிகாரங்களை நான் தேர்வேன்: மொழி, கல்வி, நிலம், உள்ளூர்க் காவல், சொந்த வரி, அலகின் எல்லை ஆகியவை அந்தப் பத்துக்குள் கட்டாயம் வர வேண்டும். மைய நாடாளுமன்றத்தில் மேலவை இடங்கள், மத்திய அமைச்சர் பதவிகள் போன்றவற்றைப் பேரத்தின்போது விட்டுக்கொடுக்கலாம். பெரிய தேசத்துக்கும் இதில் ஆதாயம் உண்டு, ஏனெனில் தன் மக்களின் ஆட்சிமுறையை அது மாற்ற வேண்டியதில்லை. ‘ஒற்றையாட்சி’ என்ற சொல்லைக்கூட வைத்துக்கொள்ளலாம். இது சிறிய தேசத்தவருக்குக் கசக்கும் என்பதை அறிவேன். அந்தச் சொல்லுக்கு எதிராக ஒரு தலைமுறையே போராடியிருக்கும்போது அதை விட்டுக்கொடுங்கள் என்று வெளியிலிருந்து சொல்வது எளிது. தவிரவும், அந்தச் சொல் அரசியலமைப்பில் நீடிக்கும் வரை நீதிமன்றங்கள் அதைக் கொண்டே மற்ற வரிகளுக்குப் பொருள் கூறும் என்பது 1987இல் கொழும்பில் கண்டது. ஆகவே சொல் இருக்கலாம் என்றால், அச்சொல் பூட்டின் பொருளைக் குறைக்காது என்ற வரியும் அதே பிரிவில் இருந்தாக வேண்டும்.

எழுதியதும் வேலை முடிவதில்லை. 1972இல் தென் டிரோலின் இரண்டாவது தன்னாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதே தகராறு தீர்ந்துவிட்டதாக அறிவிக்கும்படி ரோம் விரும்பியது. ஆஸ்திரியா மறுத்தது. ஒவ்வொரு நடைமுறை விதியும் வெளிவரும் வரை காத்திருந்தது. நீதிமன்றத்தில் எந்த மொழி, அரசுப் பணியில் எந்த மொழியினருக்கு எத்தனை இடம் என்று ஒவ்வொன்றாக வந்து முடிய இருபது ஆண்டுகள் ஆயின. தகராறு தீர்ந்தது என்ற அறிவிப்பை ஆஸ்திரியா ஐக்கிய நாடுகள் சபைக்கு அனுப்பியது 1992 ஜூனில்.